வீல்செயர் கேட்காத பயணி

கட்டுநாயக்காவில் செக்கின் கவுண்டரில் இருந்த பிள்ளை போர்டிங் பாஸை நீட்டியபோது, நான் முதலில் பார்த்தது இருக்கை எண்ணை அல்ல. மூலையில் சின்னதாக அச்சாகியிருந்த நாலு ஆங்கில எழுத்துகளைத்தான். டபிள்யூ, சி, எச், ஆர். வேறு யாராவது என்றால் கவனித்தே இருக்க மாட்டார்கள். நான் முப்பத்திரண்டு வருஷம் வெள்ளவத்தையில் சண்முகலிங்கம் ட்ரவல்ஸில் டிக்கெட் அடித்தவள். இந்தப் பயணியால் நெடுந்தூரம் நடக்க ஏலாது, சக்கர நாற்காலி கொண்டு வாருங்கள் என்பதுதான் அந்த எழுத்துகளுக்கு அர்த்தம்.

இது என் டிக்கெட்டில் எப்படி வந்தது என்று சிங்களத்தில் கேட்டேன். டில்ஷானி என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த அந்தப் பிள்ளை திரையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, மேக்கே வீல்செயர் எகக் தியெனவனே" என்றாள். இதில் வீல்செயர் ஒன்று போட்டிருக்கிறதாம். மெல்பேர்னில் இருந்து போட்டிருக்கிறார்களாம்.

மெல்பேர்னில் இருப்பது என் தம்பி ராகுலன். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவன் பக்கத்தில் நின்றிருந்தால் காதைத் திருகியிருப்பேன். அவனுக்கு ஐம்பத்தாறு வயது.

எங்கள் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. போன வருஷம் ஒக்டோபரில் நான் என் வீட்டுப் படியில் விழுந்தேன். கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கையில் மரக்கறிப் பை, படியில் மழைத் தண்ணீர். வலது கணுக்கால் முறிந்துவிட்டது. கீழ் வீட்டில் ஆட்கள் இல்லை, போன் மேலே மேசையில். நாலு மணித்தியாலம் அப்படியே கிடந்தேன். மூலைக்கடை முர்ஷித் இரவுச் சாப்பாட்டுக்குப் பாண் கொண்டு வந்தபோதுதான் கண்டார். கால் பொருந்தி, நான் பழையபடி மாடி ஏறி இறங்கத் தொடங்கி ஆறு மாதம் ஆகிவிட்டது. ராகுலன் மட்டும் இன்னமும் அந்தப் படியிலேயே நிற்கிறான்.

ஹெவ்லொக் டவுனில் வயது போனவர்களுக்கான ஒரு விடுதியில் அவன் எனக்கு அறை பார்த்துவிட்டான். தனி அறை, மூன்று நேரச் சாப்பாடு, கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மணி. மணியை அடித்தால் ஆள் வருமாம். எனக்கு அறுபத்து மூன்று வயது. கலியாணம் கட்டவில்லை. அதனால் என்னை எங்கே வைப்பது என்று தீர்மானிக்கிற உரிமை தம்பிக்கு வந்துவிட்டதாகச் சொந்தக்காரர் எல்லோருக்கும் ஒரு நினைப்பு. மே மாதம் முழுக்க போனில் சண்டை. கடைசியில் அவனே ஒரு வழி சொன்னான்.

"சரி அக்கா, ஒண்டு செய்வம். நீங்கள் தனிய, சிங்கப்பூர் மாறி, ஒருத்தற்ர உதவியும் இல்லாம இஞ்ச வந்து சேருங்கோ. வந்தா நான் இனி ஹெவ்லொக் டவுன் எண்டு வாயே திறக்க மாட்டன்."

"வராட்டி?"

"வராட்டி, ஓகஸ்ட்டில திரும்பிப் போனவுடன அந்த அறைக்கு மாறுவியள். ஓமோ?"

"ஓம்," என்றேன். எனக்கு என் காலில் நம்பிக்கை இருந்தது.

அப்படிப் பந்தயம் கட்டிவிட்டுத்தான் பின்வாசலால் வீல்செயர் போட்டிருக்கிறான். நான் அதில் இருந்தபடி மெல்பேர்ன் வாசலால் வந்தால் வெள்ளவத்தை வீடு போச்சு.

இதில் இன்னொரு வயிற்றெரிச்சல் உண்டு. இந்த வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். தொண்ணூறுகளில் ஓர் அம்மா, இங்கிலீஷ் தெரியாமல், நடுவழியில் ஒரு விமான நிலையத்தில் எங்கே போவதென்று விளங்காமல் நின்று பிளேனை விட்டுவிட்டார். ஒரு நாள் முழுக்க ஒரு தூணுக்குப் பக்கத்தில் அழுதுகொண்டு இருந்தாராம். அதற்குப் பிறகு தனியாகப் போகும் அம்மாமார் எல்லோருக்கும் நான் அந்த நாலு எழுத்தையும் தட்டிவிடுவேன். கால் நோகிறதோ இல்லையோ, நாற்காலியில் ஏற்றிவிட்டால் சாமான் மாதிரிப் பத்திரமாகப் போய்ச் சேருவார்கள். வெள்ளவத்தையில் இது பரவி, பிறகு பிள்ளைகளே வந்து, "அக்கா, அம்மாவுக்கு வீல்செயர் போட்டனீங்களோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ராகுலனும் தன் மாமியாருக்குக் கேட்டுப் போட்டவன்தான்.

அன்று காலை என்னோடு அதே விமானத்துக்கு வந்தவர் கொட்டாஞ்சேனை சிவக்கொழுந்து அக்கா. எழுபத்தொரு வயது. மகள் ஆரணியைப் பார்க்க மெல்பேர்னுக்கு ஆறாம் முறை போகிறார். அவருக்கு முதல் டிக்கெட் அடித்ததும் நான், வீல்செயர் போட்டதும் நான். ஆடிவேல் ரதத்துக்குப் பின்னால் வெறுங்காலோடு மணிக்கணக்காக நடக்கிற மனுசி. விமான நிலைய வாசலில் கால் வைத்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டத் தொடங்கிவிடுவார்.

"என்ன பவளம், முகம் கறுத்துப்போச்சு? வீல்செயர் தந்தா இருந்திட்டுப் போ. லைன்ல நிக்கத் தேவையில்லை," என்றார், தன் நாற்காலியில் சாய்ந்தபடி.

அந்த எழுத்துகளை எடுக்க வேண்டுமென்றால் மேலதிகாரி வர வேண்டும், கொஞ்சம் காத்திருங்கள் என்றாள் டில்ஷானி. எனக்குப் பின்னால் வரிசை வாசல்வரை நின்றது. கொண்டுவந்து நிறுத்திய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அதை மறைக்கப் போவதில்லை.

உட்கார்ந்த பிறகுதான் ஒன்று தெரிந்தது. குடிவரவு அதிகாரி என் பாஸ்போர்ட்டை வாங்கி, எனக்கு மேலால் பார்த்து, நாற்காலியைத் தள்ளிவந்தவரிடம் கேட்டார்: "ஆச்சி கொஹேத யன்னே?" ஆச்சி எங்கே போகிறார் என்று. நான் வாயைத் திறக்க முதல் தள்ளிவந்தவர் பதில் சொல்லிவிட்டார். பைகளைச் சோதிக்கிற இடத்திலும் அப்படித்தான். செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று அவரைக் கேட்டார்கள். முப்பத்திரண்டு வருஷத்தில் எத்தனை பெண்களை இந்த உயரத்துக்கு நான் இறக்கி அனுப்பியிருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

பிளேனைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். அதுதான் என் வாழ்க்கையில் முதல் பிளேன். டிக்கெட் அடிக்கிறவர்களுக்கு இலவசமாக வந்த சுற்றுலாக்களுக்கெல்லாம் முதலாளி சண்முகலிங்கமும் அவருடைய மச்சானும் போய்வந்தார்கள். எனக்குச் சாவி மாட்டும் வளையம் கொண்டுவந்து தந்தார்கள். சிங்கப்பூர் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அதை விரலால் காட்டிக் காட்டி ஆயிரம் பேருக்கு வழி சொல்லியிருக்கிறேன். இறங்கினவுடன் நேரே போங்கோ, மேலே பாத்தால் பலகை இருக்கும், ரயிலைப் பிடியுங்கோ, வண்ணாத்திப்பூச்சித் தோட்டம் இருக்குது, கட்டாயம் பாருங்கோ. நான் பாராத இடத்தை இவ்வளவு அடித்துப் பேசினவள் கொழும்பில் வேறு இருந்திருக்க மாட்டாள்.

சிங்கப்பூரில் இறங்கும்போது பகல் இரண்டரை. அடுத்த விமானம் இரவு ஒன்பதுக்கு. பிளேன் வாசலிலேயே எங்கள் இருவரின் பெயரோடும் இரண்டு நாற்காலிகள் நின்றன. என்னுடையதைத் தள்ளிவந்த பிள்ளை தமிழ்ப்பிள்ளை. பெயர் ரக்ஷிதா. சக்கர நாற்காலிக்காரர் காத்திருக்கும் இடத்தில், வரிசையின் ஓரமாக எங்களைக் கொண்டுபோய் நிறுத்தினாள். குளிரான, சுத்தமான இடம். ஏற்கெனவே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். சேலைக்கு மேல் ஸ்வெட்டர், செருப்புக்குள் சொக்ஸ், மடியில் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி மூன்று அம்மாமார். எந்த ஊர் என்று கேட்கத் தேவையில்லை.

"ஆன்ட்டி, இங்கயே ரெஸ்ட் எடுங்க. எட்டு மணிக்கு நான் வந்து கேட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்," என்றாள் ரக்ஷிதா.

"பிள்ளை, நான் எழும்பி நடக்கலாமோ?"

"நடப்பீங்களா?"

"நடப்பன்."

"அப்புறம் எதுக்கு ஆன்ட்டி சேர்?"

"அதைத்தான் நானும் விடியத் தொடக்கம் கேக்கிறன்."

அவள் சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை. என் டிக்கெட்டில் இருக்கும் அந்த நாலு எழுத்தையும் எடுத்துவிடச் சொன்னேன். அவள் கையிலிருந்த கருவியில் தட்டிப் பார்த்து, மேசையில் இருந்தவரிடமும் பேசிவிட்டு வந்தாள்.

"எடுத்தாச்சு. மெல்பேர்ன்லயும் வேணாமா?"

"மெல்பேர்னிலதான் முக்கியமா வேண்டாம்."

"சரி. வேணும்னு தோணிச்சுன்னா கூப்பிடுங்க, ஆன்ட்டி. கேட்டா தப்பில்ல."

நான் எழும்பினேன். பக்கத்து நாற்காலியில் இருந்து ஒரு சீறல் வந்தது.

"பவளம், உனக்கென்ன விசரே? நீ எழும்பி நடந்தா எங்கட காலையும் சந்தேகப்படுவினம்!"

"சந்தேகப்படட்டும். அக்கா, இந்தப் பக்கத்தால அஞ்சு தரம் போய் வந்திருக்கிறியள். என்ன பாத்தனீங்கள்?"

சிவக்கொழுந்து அக்கா யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"இந்தச் சுவரைப் பாத்தனான்," என்றார்.

நான் தோளில் பையைப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். முப்பது அடி போயிருப்பேன், பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. இடுப்பைப் பிடிக்காமல், நொண்டாமல், என்னைவிட வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"எட்டு மணிக்குத் திரும்பிவந்து நாற்காலியில இருந்திடுவன்," என்றார். "என்ர டிக்கெட்டில இருக்கிறதை நான் அழிக்க விடேல்லை. சொல்லிப்போட்டன்."

முதல் அரை மணித்தியாலத்திலேயே எனக்கு மூக்கு உடைந்தது. நான் ஆயிரம் பேருக்குச் சொல்லி அனுப்பிய வழியில் இப்போது ஒரு சொக்லேட் கடை நின்றது. என் வரைபடம் எந்தக் காலத்ததோ. எத்தனை பேர் நான் சொன்னதைக் கேட்டு நேரே போய்ச் சுவரில் முட்டினார்களோ தெரியாது. ஒருவரும் திரும்பிவந்து என்னை ஏசவில்லை. சிவக்கொழுந்து அக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீ காட்டின வழியை நம்பி நான் ஒரு நாளும் எழும்பாதது நல்லது," என்றார். பலகையைப் பார்த்து, இரண்டு பேரைக் கேட்டு, ரயிலைக் கண்டுபிடித்தோம்.

டெர்மினலுக்கு டெர்மினல் ஓடும் சின்ன ரயில். சாரதி இல்லை, டிக்கெட் இல்லை. கதவு திறந்தது, ஏறினோம், போனது. டிக்கெட் விற்றுச் சீவித்தவளுக்கு இது பெரிய அவமரியாதை என்று சொல்லிக்கொண்டு இருக்கும்போதே, ரயில் ஒரு கண்ணாடிக் கூரைக்குள் நுழைந்தது. உள்ளே காடு. காட்டுக்கு நடுவே, கூரையின் ஓட்டையில் இருந்து நேராகக் கீழே ஓர் ஆறு விழுந்துகொண்டிருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. சத்தம் கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டது. தண்ணீர் மட்டும் விழுந்தது. ரயில் அதைத் தாண்டி மறுபக்கம் போய் நின்றது.

நாங்கள் இறங்கி, எதிர்ப்பக்க ரயிலில் ஏறித் திரும்பிவந்தோம். பிறகு மீண்டும் போனோம். மூன்றாம் முறை சிவக்கொழுந்து அக்கா கண்ணாடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

"போன தரம் நான் வந்த நேரமும் இது இஞ்ச விழுந்துகொண்டே இருந்தது?"

"ஓம்."

"பாப்பியளோ எண்டு என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே, பவளம்."

அவருக்குக் கோபம் வந்திருந்தது. எனக்கு அது பிடித்தது.

வண்ணாத்திப்பூச்சித் தோட்டம் மூன்றாம் டெர்மினலில். இரட்டைக் கதவைத் தள்ளி உள்ளே போனால் வெள்ளவத்தை மே மாதம் மாதிரிப் புழுக்கம். எங்களுக்கு அது சுகமாக இருந்தது. ஸ்வெட்டரைக் கழற்றினோம். வெட்டி வைத்த அன்னாசித் துண்டில் பூச்சிகள் மொய்த்துக்கொண்டு இருந்தன. ஒன்று, உள்ளங்கை அகலம், சிவக்கொழுந்து அக்காவின் கொண்டையில் வந்து குந்திவிட்டது. அவர் மூச்சுவிடாமல் நின்றார். அந்த நேரம் பார்த்து என் போன் அடித்தது. ராகுலன், வீடியோவில்.

"அக்கா, எங்க நிக்கிறியள்? வீல்செயர் ஆள் பக்கத்தில நிக்கிறாரோ?"

சொன்ன பிறகுதான் அவனுக்கே விளங்கியது. முகம் சுருங்கிப்போனது.

"எந்த வீல்செயர், ராகுலன்?"

"அக்கா, நான் பயத்தில..."

"பயப்படு. ஆர் வேண்டாமெண்டது? களவு செய்யாமப் பயப்பட்டிருக்கலாமே?"

போனைத் திருப்பிக் கொண்டையில் இருந்த வண்ணாத்திப்பூச்சியைக் காட்டினேன். அவன் அதைப் பார்க்கவில்லை.

"கூட நடக்காதேங்கோ. கால் திரும்ப வீங்கும். அக்கா, நீங்கள் அண்டைக்குப் படியில கிடந்த நாலு மணித்தியாலமும் நான் இஞ்ச இருந்து போன் அடிச்சுக்கொண்டே இருந்தனான். ஒருத்தரும் எடுக்கேல்லை. அது உங்களுக்குத் தெரியுமோ?"

எனக்குத் தெரியும். மேலே மேசையில் அந்த போன் அடிப்பதைக் கேட்டுக்கொண்டுதான் கிடந்தேன். நின்று நின்று அடித்தது. அவன்தான் என்றும் தெரியும். அவனிடம் அதை நான் ஒரு நாளும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவான், நானும் அழுதுவிடுவேன், பிறகு அந்த நாலு எழுத்தும் திரும்பி வந்துவிடும்.

"விடிய வாறன். வாசலில நில்லு," என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு கால் அமுக்கிவிடும் ஓர் இயந்திரத்தில் இருந்தோம். அது கெண்டைக்காலைப் பிடித்ததும் சிவக்கொழுந்து அக்கா, "ஐயோ விடு, விடு!" என்று கத்தி, பக்கத்தில் தூங்கிய வெள்ளைக்காரரை எழுப்பிவிட்டார். பிறகு திரும்பவும் ரயில், மொட்டைமாடியில் சூரியகாந்தித் தோட்டம். வெயில் சாய்கிற நேரம், ஓடுபாதையில் பிளேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. என் கையால் டிக்கெட் அடித்து அனுப்பிய அத்தனை பேரும் இப்படித்தானே போனார்கள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். நிற்கும்போதே தெரிந்தது. வலது கணுக்கால் கனத்தது.

படியிறங்கும்போது நோ நேரே முழங்கால் வரை ஏறியது. கைப்பிடியைப் பிடித்தபடி நின்றேன். சிவக்கொழுந்து அக்கா குனிந்து சேலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கால் பணிஸ் மாதிரி ஊதிப்போச்சு, பவளம்."

"ஓம்."

"இனி என்ன செய்யப் போறாய்?"

அதுதான் கேள்வி. மெல்பேர்னுக்குப் போகும் கேட், கடைசிக் கேட். இந்தக் காலோடு நடந்தால் அரை மணித்தியாலம். நாற்காலியைத் திரும்பக் கேட்கலாம், ரக்ஷிதாவே சொன்னவள். இங்கே ஏறி, கேட்டில் இறங்கினால் ராகுலனுக்குத் தெரியவே போவதில்லை. நான் ஆயிரம் பேரை நாற்காலியில் வைத்து உலகத்தை ஏமாற்றினவள். ஒரு தம்பியை ஏமாற்றுவதா பெரிய வேலை?

ஒரு வாங்கில் உட்கார்ந்து பத்து நிமிஷம் யோசித்தேன். நாற்காலியில் ஒரு பாவமும் இல்லை. கால் ஏலாதவருக்கு அது கால். ஆனால் நான் நடப்பேன் என்று அவனிடம் சொன்னது, நான் கொடுத்த வாக்கு. கால் ஒத்துழைக்கவில்லை என்றால் மெதுவாக நடப்பது என்று ஒன்று இருக்கிறது. அந்த வழி ராகுலனின் கணக்கில் இல்லை. எனக்கும் அதுவரை தோன்றவில்லை.

காத்திருக்கும் இடத்துக்குத் திரும்பிவர முக்கால் மணித்தியாலம் எடுத்தது. சிவக்கொழுந்து அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஓடும் தரையில் ஏறி, இறங்கி, நின்று, நடந்து. சரியாக எட்டு மணிக்கு ரக்ஷிதா அவருடைய நாற்காலியைக் கொண்டுவந்தாள். அக்கா அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"நீ ஏறு," என்றார்.

"அது உங்கட."

"எனக்கு என்னத்துக்கு? நான் நடப்பன்."

ரக்ஷிதா திகைத்துவிட்டாள். "ஆன்ட்டி, நீங்களும் நடப்பீங்களா?"

சிவக்கொழுந்து அக்கா இடுப்பில் கையை வைத்தார். இந்த முறை நோவுக்கு அல்ல. "பிள்ளை, எனக்கு ஒரு கோதாரியும் இல்லை. சண்முகலிங்கத்தின்ர கடையில இவள் போட்டுவிட்டவள், அண்டைக்குத் தொடங்கி ஆறு தரம் இதில குந்தினனான். என்ர மகளுக்கும் இண்டுவரைக்கும் தெரியாது." வரிசையில் இருந்த அம்மாமார் எல்லோரும் தலையைக் குனிந்து கைப்பையைப் பார்த்தார்கள்.

நான் நாற்காலியில் ஏறவில்லை. என் பை, அவருடைய பை, இரண்டு ஸ்வெட்டர், அவர் ஆரணிக்கு வாங்கிய சொக்லேட் பெட்டி எல்லாவற்றையும் அதில் அடுக்கினேன். ரக்ஷிதா தலையை ஆட்டிக்கொண்டு அதைத் தள்ளத் தொடங்கினாள். ஒரு பக்கத்தில் நாற்காலியின் கைப்பிடியும் மறுபக்கத்தில் அக்காவின் கையுமாக, நான் நடந்தேன். ரக்ஷிதா எங்களுக்காக மெதுவாகத் தள்ளினாள். ஏறும் பயணிகளைக் கடைசித் தடவையாகக் கூப்பிட்ட பிறகுதான் கேட்டுக்குள் போனோம். என் கண்ணில் தண்ணீர் நின்றது. நோவால்தான், வேறு ஒன்றுக்குமில்லை.

விடிய மெல்பேர்னில் இறங்கும்போது வலது செருப்பின் பட்டி பூட்டவில்லை. வாசலில் சிவக்கொழுந்து என்று பெயர் எழுதிய ஒரு நாற்காலி மட்டும் நின்றது. அவர் அதைப் பார்த்து, "நோ தாங்ஸ்," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டுப் போனார். வெளியே வருகை மண்டபத்தில் அவர் மகள் ஆரணி, "அம்மா! ஏன் நடக்கிறியள்? வீல்செயர் எங்க?" என்று பதறிக்கொண்டு ஓடி வந்தாள். "பிறகு சொல்லுறன், இதைப் பிடி," என்று சொக்லேட் பெட்டியைக் கையில் திணித்துவிட்டு, திரும்பி எனக்குக் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

நான் சாமான் வண்டியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். ராகுலனும் மனைவி ரூபிகாவும் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தான். குளிருக்குப் போட்டிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான். அவனுக்கு இவ்வளவு நரை விழுந்தது எனக்குத் தெரியாது.

"அக்கா, நொண்டுறியள்."

"ஓமடா, நொண்டுறன்."

"நான் சொன்னனான்தானே. பாத்தியளே? அப்ப எங்கட கதை..."

"ராகுலன்," என்று ரூபிகா அவன் கையைப் பிடித்தாள். நான் வண்டியை நிறுத்தினேன். சுற்றிவர ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொண்டும் பூக்கொத்து நீட்டிக்கொண்டும் நின்றார்கள். எனக்கு ஒருவரைப் பற்றியும் கவலையில்லை.

"இஞ்ச பார். நான் உன்னட்டப் பரீட்சை எழுத வரேல்லை. அந்தப் பந்தயத்துக்கு நான் ஓம் எண்டதே பிழை. நடந்து வந்தா என்ர வீட்டில இருக்கலாம், நொண்டி வந்தா ஏலாதெண்டு ஆர் வச்ச சட்டம்? நொண்டிக்கொண்டே ஓகஸ்ட்டில திரும்பிப் போவன். அந்த மூண்டு மாடியும் நொண்டிக்கொண்டே ஏறுவன். ஒரு மணித்தியாலம் எடுத்தாலும் எடுக்கட்டும், மேல எனக்காக ஒருத்தரும் பாத்துக்கொண்டு இருக்கேல்லை."

"திரும்ப விழுந்தா?"

"விழலாம். விழ மாட்டன் எண்டு ஆரும் சொல்ல ஏலுமோ? நீ இந்தப் பனிக்குள்ள விழ மாட்டியோ? உன்னை எந்த அறையில போடுறது?"

அவன் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றான். அப்போது நான் சொன்னேன், சொல்லக்கூடாதென்று எட்டு மாதம் வைத்திருந்ததை.

"அண்டைக்கு நீ போன் அடிச்சது எனக்குக் கேட்டது, தம்பி. நாலு மணித்தியாலமும் கேட்டது. அதைக் கேட்டுக்கொண்டுதான் நான் மயங்காமக் கிடந்தனான். அதுக்காக நீ என்னை மணி அடிக்கிற இடத்தில கொண்டுபோய் வைக்க ஏலாது."

ராகுலன் அழுதான். ஐம்பத்தாறு வயது ஆள், வருகை மண்டபத்தின் நடுவில், சின்னப்பிள்ளை மாதிரி. நான் அழவில்லை. எனக்குள் இருந்த ஆத்திரம் இன்னும் முழுதாக இறங்கவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு அவன் வந்து சாமான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். நான் அதை விட்டிருந்தால் கீழே விழுந்திருப்பேன்.

"அதை ரூபிகாவிட்டக் குடு," என்றேன். "நீ என்ர கையைப் பிடி. இழுக்காத. முன்னால போகாத."

அவன் பிடித்தான். கார் நிறுத்தியிருந்த இடம் தூரம். அங்கே போய்ச் சேரும்வரை அவன் என் வேகத்தில்தான் நடந்தான்.